வேட்டை நின்ற பிறகும் திமிங்கிலங்கள் ஏன் மடிகின்றன? மலாக்கா நீரிணைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கலைவாணி, பட்டர்வொர்த் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்து வருகிறேன். அருகிவரும் விலங்குகளைப் பற்றிய பாடத்தின்போது, திமிங்கிலங்கள் குறைந்ததற்கு வேட்டையே முதன்மைக் காரணம் என்று விளக்கினேன். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்பதையும், அனைத்துலகத் திமிங்கில ஆணையம் 1982-இல் எடுத்த முடிவின்படி 1986 முதல் வணிக வேட்டை நிறுத்திவைக்கப்பட்டது என்பதையும் சொன்னேன். அதைக் கேட்ட மாணவி ஒருத்தி, வேட்டை நின்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் சில இனங்கள் ஏன் இன்னும் பெருகவில்லை என்று கேட்டாள். நோர்வே, ஐஸ்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகள் தடையை ஏற்காமல் வேட்டையைத் தொடர்ந்ததைச் சொன்னேன். ஆனால் அவர்கள் பிடிக்கும் எண்ணிக்கை அவளுடைய கேள்விக்கு முழு விடையாகாது என்பது எனக்கே தெரிந்தது.

இணையத்தில் தேடினால் நெகிழி, கப்பல், வலை, ஒலி, வெப்பம் என்று ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கிறது. எல்லாம் ஒரே அளவில் கெடுதல் செய்வதுபோல அது எழுதப்பட்டிருக்கிறது. இவற்றுள் உண்மையில் எது எப்படிக் கொல்கிறது, எதற்குத் தீர்வு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, எங்கள் மாணவர்கள் தினமும் கரையிலிருந்து பார்க்கும் கப்பல்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்கு நேர்மையான ஒரு விடையைச் சொல்ல முடியும்.

இராமையா, செந்தூல்

வணக்கம் ஆசிரியை அவர்களே. வணிகக் கப்பல்களில் அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் எழுதுகிறேன். வலைகளைப் பற்றியும் மற்றவற்றைப் பற்றியும் அத்துறையைப் படித்தவர்கள் எழுதுவார்கள்.

ஒரு பெரிய கொள்கலன் கப்பல் திமிங்கிலத்தின் மீது மோதினால், கப்பலில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது தெரிவதே இல்லை. ஓர் இலட்சம் டன்னுக்கு மேல் எடையுள்ள கப்பலுக்கு அந்த மோதல் ஓர் அதிர்வாகக்கூட உணரப்படாது. கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது, முகப்பின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் குமிழின் மீது திமிங்கிலத்தின் உடல் மாட்டிக் கிடப்பதைக் கண்ட பிறகுதான் நடந்தது தெரியவந்த நிகழ்வுகள் பல நாடுகளில் உண்டு. ஆகவே பதிவாகும் மோதல்கள் உண்மையில் நடப்பவற்றில் ஒரு சிறு பகுதியே என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இறந்த உடல்களில் பல கரைக்கு வராமலே கடலில் மூழ்கிவிடுகின்றன.

"அவ்வளவு பெரிய விலங்கு, அவ்வளவு சத்தத்தோடு வரும் கப்பலைக் கண்டு ஏன் விலகுவதில்லை?" என்று உங்கள் மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கப்பலின் இரைச்சலில் பெரும்பகுதி பின்புறத்திலுள்ள உந்துசுழலியிலிருந்து பிறக்கிறது. கப்பலின் நீண்ட உடலே அந்த இரைச்சலை மறைப்பதால், மிக ஆபத்தான இடமாகிய முகப்புக்கு நேர் முன்னே ஒலி குறைந்திருக்கக்கூடும். கலிபோர்னியக் கடலில் நீலத் திமிங்கிலங்களின் உடலில் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வாளர்கள், கப்பல் நெருங்கும்போது அவை பக்கவாட்டில் விலகாமல், மெதுவாகவும் ஆழமில்லாமலும் கீழே இறங்குவதை மட்டுமே கண்டார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக, தன்னைவிடப் பெரிய எதுவும் மேலிருந்து வந்து மோதாத கடலில் வாழ்ந்த விலங்குக்கு, விலகி ஓடும் பழக்கம் எங்கிருந்து வரும்?

நாங்கள் கப்பலிலிருந்து பார்த்து விலக முடியுமா என்றால், அதுவும் அரிது. இரவில் பார்க்கவே முடியாது, அலை எழும்பும் கடலில் ரேடாரும் உதவாது, பார்த்துவிட்டாலும் முழுச் சுமையோடு ஓடும் கப்பல் நிற்பதற்குச் சில கிலோமீட்டர் தூரம் வேண்டும். எனவே நடைமுறையில் இரண்டே வழிகள் பயன் தந்திருக்கின்றன. ஒன்று, திமிங்கிலங்கள் கூடும் இடத்தை விட்டுக் கப்பல் பாதையை நகர்த்துவது. நகர்த்த முடியாத இடத்தில் வேகத்தைக் குறைப்பது மற்றொன்று.

வேகத்தின் பங்கு மிகத் தெளிவானது. மணிக்கு 15 கடல் மைல், அதாவது 15 நாட் வேகத்தில் மோதினால் பெரிய திமிங்கிலம் சாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு என்றும், வேகம் 9 நாட்டுக்குக் கீழே வரும்போது அது 20 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது என்றும் 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்கா 2008 டிசம்பர் முதல், தன் கிழக்குக் கரையின் குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட காலங்களில் 65 அடிக்கு மேல் நீளமுள்ள கப்பல்கள் 10 நாட்டைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. கனடா தன் ஃபண்டி வளைகுடாவின் கப்பல் பாதையை 2003-இலேயே, மிகவும் அருகிவிட்ட பெருந்திமிங்கில இனமாகிய ரைட் திமிங்கிலங்கள் கூடும் இடத்தை விட்டு நகர்த்தியது.

இனி நம் நீரிணைக்கு வருவோம். மலாக்கா நீரிணையை ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கின்றன. நீரிணை ஆழம் குறைந்தது. பெருந்திமிங்கிலங்கள் இங்கே அதிகம் தங்குவதில்லை. ஆனாலும் 2015 ஜூலையில் சிங்கப்பூரின் ஜூரோங் தீவை ஒட்டி 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. அதன் முதுகிலிருந்த பெருங்காயம் கப்பல் மோதலையே சுட்டியது. வயிற்றில் நெகிழிக் குப்பையும் இருந்தது. அதன் எலும்புக்கூடு சிங்கப்பூரின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமான தொடர்பு நீரிணைக்கு வெளியே இருக்கிறது. இங்கிருந்து மேற்கே செல்லும் கப்பல்கள் சுமத்திராவின் வடமுனையான ஆச்சேயைத் தாண்டி, மூன்று நான்கு நாள்களில் இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனையை ஒட்டிப் போகின்றன. மிரிசா, தேவேந்திர முனைக் கடலில்தான் நீலத் திமிங்கிலங்கள் கூட்டமாக உணவு தேடுகின்றன. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்களைப் போலத் துருவக் கடலுக்குப் போகாமல் வட இந்தியப் பெருங்கடலிலேயே ஆண்டு முழுவதும் தங்கிவிடும் கூட்டம் அது. கப்பல் பாதையை அங்கே 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 விழுக்காடு குறையும் என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான எம்எஸ்சி, 2022 முதல் தன் கப்பல்களைத் தன்விருப்பமாகவே தெற்கே நகர்த்திக்கொண்டது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத நிலையில் ஒரு நிறுவனம் இதைச் செய்ய முடிந்தது என்பதே, மற்றவர்களாலும் முடியும் என்பதற்குப் போதிய சான்று என நான் கருதுகிறேன்.

யாழினி, பாயான் லெப்பாஸ்

ஆசிரியை அவர்களுக்கும் இராமையா ஐயாவுக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படித்தவள் நான். ஐயா கப்பல்களைப் பற்றி எழுதியதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால், திமிங்கிலங்களும் டால்பின் எனப்படும் ஓங்கில்களும் அடங்கிய இந்தக் குடும்பத்தையே அதிகமாக அழிப்பவை மீன்வலைகள்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் விலங்குகள் வேறு மீனுக்காக விரித்த வலைகளில் சிக்கிச் சாகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்டுள்ள மதிப்பீடு. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஓங்கில்களும் அவற்றின் உறவினமான கடற்பன்றிகளும் போன்ற சிறியவை. அவை நுரையீரலால் மூச்சு விடுபவை; மீனின் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் சில நிமிடங்களில் இறந்துவிடும். மெக்சிகோவின் வாக்கித்தா என்னும் சிறு கடற்பன்றி இப்படித்தான் இன்று பத்தை ஒட்டிய எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. அதை யாரும் வேட்டையாடவில்லை. தொத்தோவாபா என்ற மீனுக்காகத் திருட்டுத்தனமாக விரிக்கப்படும் வலைகளே அதைக் கொன்றன.

பெரிய திமிங்கிலங்கள் உடனே சாவதில்லை. நண்டு, சிங்கி இறால் பொறிகளைக் கடலடியிலிருந்து மிதவையோடு இணைக்கும் கயிறு அவற்றின் வாயிலும் துடுப்பிலும் வாலிலும் சுற்றிக்கொள்கிறது. அந்தக் கயிற்றை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே நீந்தி, சதை அறுபட்டு, இரை தேட முடியாமல் மெலிந்து அவை இறக்கின்றன. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றின் உடலில் ஒரு முறையாவது கயிற்றில் சிக்கியதற்கான தழும்பு இருக்கிறது. அந்த இனத்தில் இன்று எஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு.

உங்கள் மாணவியின் கேள்விக்கு இந்த இனத்தின் கதையே பொருத்தமான விடை என்று நினைக்கிறேன். வேட்டையிலிருந்து 1930-களிலேயே காப்பாற்றப்பட்ட இனம் இது. கப்பல் பாதையை நகர்த்தினார்கள், வேகத்தைக் குறைத்தார்கள், எண்ணிக்கையும் மெல்ல ஏறியது. 2010-ஐ ஒட்டி, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையை ஒட்டிய மெய்ன் வளைகுடாவின் நீர் வேகமாகச் சூடேறத் தொடங்கியதும், இத்திமிங்கிலங்கள் உண்ணும் அரிசி அளவான மிதவை உயிரி அங்கே குறைந்துபோனது. இரையைத் தேடி அவை வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே அவற்றுக்காக வேகக் கட்டுப்பாடும் இல்லை, கயிறுகளுக்குக் கட்டுப்பாடும் இல்லை. 2017-இல் கனடாவின் கடற்பகுதியில் மட்டும் 12 திமிங்கிலங்கள் இறந்து கிடந்தன. அதன் பிறகே அங்கும் விதிகள் வந்தன. வெப்பம், கப்பல், கயிறு என்று பட்டியலில் தனித்தனி வரிகளாக இருப்பவை, கடலில் ஒன்றோடொன்று கைகோத்துத்தான் கொல்கின்றன; வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்களுக்கு நன்றாகப் புரியும்.

ஒலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். பெருந்திமிங்கிலங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும் தாழ்ந்த குரலில் ஒன்றையொன்று அழைக்கின்றன, கப்பல் சுழலியின் இரைச்சலும் அதே தாழ்ந்த அலைவரிசையில்தான் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாள்கள் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தபோது, நீரடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அதே நாள்களில் திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள், மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்களின் அளவு குறைந்திருப்பதைக் கண்டார்கள். திட்டமிட்டு யாராலும் செய்ய முடியாத ஒரு சோதனை தானாக நடந்துவிட்டது. அந்த விலங்குகள் சாதாரண நாள்களில் எத்தகைய அழுத்தத்தில் வாழ்கின்றன என்பதை அந்தச் சில நாள் அமைதிதான் காட்டிக்கொடுத்தது. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஒலியை அனுப்பி நீர்மூழ்கிகளைக் கண்டறியும் கடற்படைகளின் சோனார் கருவி வேறு வகையான கேடு. ஆழத்தில் மூழ்கும் அலகுத் திமிங்கிலங்கள் அதைக் கேட்டு நிலைகுலைந்து கூட்டமாகக் கரையொதுங்கி இறந்தன. ஸ்பெயின் 2004-இல் கனேரித் தீவுகளைச் சுற்றி அதைத் தடை செய்தது. அதன் பின் அங்கே அத்தகைய கூட்டச் சாவு நிகழவில்லை.

அருள்குமார், கெப்போங்

வணக்கம். நான் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். இராமையா ஐயா எழுதியதை மதிக்கிறேன்; ஆனாலும் கப்பலின் வேகத்தைக் குறை என்று சொல்வது எளிது. ஒரு நாள் தாமதமானால் துறைமுகத்தில் இடம் தவறும், கிடங்கில் வாடகை ஏறும், கடைசியில் அந்தச் செலவு கடையில் பொருள் வாங்குபவர் தலையில்தான் விழும். பாதையைப் பதினைந்து மைல் நகர்த்துவது எனக்கு நியாயமாகப் படுகிறது, உலகம் முழுவதும் 10 நாட்டில் ஓட்டச் சொன்னால் அது நடக்காது.

மற்றொன்று. 2018-இல் நமக்குப் பக்கத்திலேயே, தாய்லாந்தின் சோங்க்லாவில் பைலட் திமிங்கிலம் ஒன்று வாய்க்காலில் ஒதுங்கி, 80 நெகிழிப் பைகளை வயிற்றில் சுமந்து இறந்தது. அவற்றின் எடை 8 கிலோ. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் என் வீட்டில் பை வாங்குவதை நிறுத்தினோம். பொதுமக்களாகிய நம் கையில் இருப்பது நெகிழிதானே? அதைப் பற்றி நீங்கள் இருவரும் ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லையே?

இராமையா, செந்தூல்

அருள்குமார் தம்பிக்கு நன்றி. உங்கள் கவலை நியாயமானது. உலகம் முழுவதும் 10 நாட் என்று யாரும் கேட்கவில்லை. திமிங்கிலங்கள் கூடும் குறிப்பிட்ட இடங்களில், அவை கூடும் காலத்தில், கப்பல் அவ்விடத்தைக் கடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டுமே அந்தக் கட்டுப்பாடு. மற்ற இடங்களில் பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தாலே பெரும் பயன் உண்டு. கப்பலின் எந்திரத்துக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 10 விழுக்காடு வேகத்தைக் குறைத்தால் அதே தொலைவுக்கு எரிபொருள் ஐந்தில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். உலகக் கப்பல்கள் அனைத்தும் அந்த அளவு குறைத்தால் நீரடி ஒலியாற்றல் 40 விழுக்காடும், மோதும் ஆபத்து 50 விழுக்காடும் குறையக்கூடும் என்று 2019-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2008-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்தவே பல நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்து ஓட்டின, வணிகம் நின்றுவிடவில்லை.

நம் நீரிணையிலேயே வேகக் கட்டுப்பாடு புதிதன்று. மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்களும் ஆழமாக மூழ்கி ஓடும் கப்பல்களும் மலாக்கா நீரிணையில் ஆழம் குறைந்த ஒன் ஃபாத்தம் பேங்க் அருகிலும் சிங்கப்பூர் நீரிணையின் ஆழ்பாதைகளிலும் இயன்றவரை 12 நாட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி உண்டு. கப்பல்கள் தரைதட்டாமலும் ஒன்றோடொன்று மோதாமலும் இருப்பதற்காக வந்த விதி அது. அந்த விதியோடு நாங்கள் ஓட்டினோம், சரக்கும் போய்ச் சேர்ந்தது. மனிதர்களின் பாதுகாப்புக்காக ஏற்றுக்கொண்ட ஒன்றை, தேவையான இடத்தில் இந்த உயிர்களுக்காகவும் ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாழினி, பாயான் லெப்பாஸ்

அருள்குமார் அண்ணா, நெகிழியை நான் விட்டுவிட்டது அது சிறிய செய்தி என்பதால் அன்று. ஆழ்கடலில் கணவாயை இரையாகக் கொள்ளும் இனங்களே அதிகமாக நெகிழியை விழுங்குகின்றன. பைலட் திமிங்கிலமும் ஸ்பெர்ம் திமிங்கிலமும் அலகுத் திமிங்கிலமும் அவ்வகை. 2019 மார்ச்சில் பிலிப்பீன்ஸில் இறந்த அலகுத் திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ நெகிழி இருந்தது. உங்கள் வீட்டில் பையை நிறுத்தியது நல்ல செயல். ஆனால் படத்தில் தெரியும் சாவு மட்டுமே மக்கள் மனத்தில் நிற்கிறது என்பதே என் வருத்தம். வலையில் மூச்சுத் திணறி இறந்து நடுக்கடலில் கழற்றி எறியப்படும் ஓங்கிலைப் படம் பிடிக்க அங்கே யாரும் இல்லை. நெகிழிப் பையை மறுக்கும் அதே அக்கறையோடு, நாம் வாங்கும் மீன் எந்த வலையில் வந்தது என்று கேட்கும் பழக்கமும் நமக்கு வர வேண்டும்.

கலைவாணி, பட்டர்வொர்த்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரைட் திமிங்கிலத்தின் வரலாற்றையும் தேவேந்திர முனையையும் இரண்டு பாடவேளைகளில் நடத்தப் போகிறேன். வரைபடத்தில் மாணவர்களே கப்பல் பாதையை வரைந்து பார்க்கட்டும். கடைசியாக ஒரு கேள்வி. பினாங்குக் கடலில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகள் எவை வாழ்கின்றன? என் மாணவர்களில் சிலரின் தந்தையர் படகோட்டிகள். வலையில் ஓங்கில் சிக்கினாலோ, கரையில் ஒதுங்கினாலோ என்ன செய்ய வேண்டும்?

யாழினி, பாயான் லெப்பாஸ்

நம் கரையோரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் இந்தோ-பசிபிக் கூன்முதுகு ஓங்கில், உருண்ட தலையுடைய ஐராவதி ஓங்கில், முதுகுத் துடுப்பில்லாத கடற்பன்றி ஆகியவை வாழ்கின்றன. பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் கழிமுகங்களிலும் லங்காவியைச் சுற்றியும் இவற்றை மரேசெட் என்னும் மலேசிய ஆய்வு அமைப்பு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வருகிறது. இவை கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில், அதாவது செவுள் வலையும் இழுவலையும் மிகுதியாக இயங்கும் அதே நீரில் வாழ்வதால், ஆபத்தும் அங்கேதான்.

1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி கடல் பாலூட்டிகளைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் கொல்வதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தற்செயலாகச் சிக்கியது உயிரோடு இருந்தால் உடனே விடுவிக்க வேண்டும். இறந்திருந்தால் மீன்வள அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் வழக்கு வரும் என்ற அச்சத்தால் சிலர் உடலைக் கடலிலேயே விட்டுவிடுவதுண்டு. தற்செயலாகச் சிக்கியதைத் தெரிவிப்பதைச் சட்டமே கேட்கிறது என்பதை அந்தத் தந்தையரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எத்தனை இறக்கின்றன, எந்த வலையில், எந்தப் பருவத்தில் என்று தெரியாமல் எந்த விதியையும் சரியான இடத்தில் வகுக்க முடியாது.

கரையில் உயிரோடு ஒதுங்கியதைக் கண்டால் வாலைப் பிடித்துக் கடலுக்குள் இழுக்கக் கூடாது. வாலின் மூட்டுகளும் முதுகெலும்பும் எளிதில் காயப்படும். மீன்வளத் துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை விலங்கை வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். உடல் மீது ஈரத்துணியைப் போட்டு நிழல் அமைத்து, தலையின் உச்சியில் உள்ள மூச்சுத் துளையில் தண்ணீரும் மணலும் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தையும் கைப்பேசி வெளிச்சத்தையும் தள்ளி வைக்க வேண்டும். இறந்த உடலாக இருந்தால் தொடாமல், இடத்தையும் நேரத்தையும் ஏறத்தாழ நீளத்தையும் குறித்து, பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து அனுப்புங்கள். வலைத் தழும்பா, சுழலிக் காயமா என்பதைப் பல வேளைகளில் அந்தப் படத்தைக் கொண்டே சொல்லிவிட முடியும்.